ஏஈ51 கரித்துகள் மானி: கடல்மேல் பறக்கவிடலாமா?

ஏஈ51 (AE51), காற்றில் மிதக்கும் புகைக்கரியின் அளவைக் காட்டும் சிறு கருவி. எடை ஏறத்தாழ 280 கிராம்; சிறு ஆளில்லா விமானமே சுமக்கும். காற்றை உறிஞ்சி, வடிதாளில் படியும் கரி 880 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு மங்கச் செய்கிறது என்று அளக்கிறது.

கடல்மேல் பெரிய எதிரி ஈரம். மேகத்தை ஒட்டி ஏறி இறங்கும்போது ஈரப்பதம் சட்டென மாறினால் அளவு எகிறும், உடனே பூச்சியத்துக்குக் கீழே விழும். காற்று நுழையும் குழாயில் ஈரத்தை நீக்கும் உலர்த்தி கட்டாயம். தூய கடற்காற்றில் ஒரு நொடி அளவீடு வெறும் இரைச்சல். 60 நொடிச் சராசரி எடுங்கள், ஆனால் அப்போது எந்த உயரத்தில் எவ்வளவு கரி என்ற நுணுக்கம் போய்விடும். வடிதாள் கறுத்தால் குறைத்துக் காட்டும். ஒவ்வொரு பறப்புக்கும் புதிது போடுங்கள்.

துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதை இது அளக்காது; அதனால் காற்று எவ்வளவு சூடேறுகிறது என்று கணிக்க இது மட்டும் போதாது. 2006இல் மாலத்தீவில் மேகத்துக்குக் கீழும் உள்ளும் மேலும் ஆளில்லா விமானங்கள் பறந்து, துகள்களால் காற்று சூடேறும் அளவைக் கணித்தபோது, சூரிய ஒளியை அளக்கும் கதிர்வீச்சுமானிகளும் உடன் சென்றன. தனியாக வாங்கினால் கரியின் அளவு மட்டுமே கிடைக்கும்.