ஆண்டர்சன் தெருவில் வாங்கிய நட்சத்திர அட்டை: காலாண்டுத் தேர்வு வரை பயன்படுத்திய பின்

தண்டையார்பேட்டையில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை தமிழ் நடத்தும் நான், கடந்த ஜூன் மாதம் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் ஒரு மொத்த விலைக் கடையில் மாணவர் ஊக்கத் தொகுப்பு ஒன்றை 340 ரூபாய்க்கு வாங்கினேன். பெயர் எழுதும் சுவரட்டை ஒன்று, நட்சத்திர ஸ்டிக்கர் 500, பாராட்டு அட்டை 50 ஆகியவை அதில் இருந்தன.

சுவரட்டை கெட்டியானது. ஸ்டிக்கரின் பசைதான் மோசம். கடற்காற்றின் ஈரத்துக்குத் தாக்குப்பிடிக்காமல் பத்தே நாளில் உதிரத் தொடங்கியது. "மிஸ், உங்க நட்சத்திரமெல்லாம் முறத்துல கிடக்குது" என்று வகுப்பறையைப் பெருக்கும் அம்மாள் கொண்டுவந்து காட்டினார்.

முதல் இரண்டு வாரம் வீட்டுப்பாடம் ஒழுங்காக வந்தது என்பதை மறுக்க முடியாது. மூன்றாம் வாரம், செய்யுளுக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருந்தபோது, "இதுக்கு ஸ்டார் உண்டா மிஸ்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது, இல்லை என்றதும் நான்கைந்து நோட்டுகள் மூடிக்கொண்டன. பரிசு தருவதாக முன்பே சொல்லிப் படம் வரையச் செய்த குழந்தைகள், பிறகு தாமாக வரைவதைக் குறைத்துக்கொண்டார்கள் என்றும், எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தக் குறைவு இல்லை என்றும் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய உளவியலாளர்கள் மூவரும் 1973இல் காட்டியிருக்கிறார்கள். அதை பி.எட். தேர்வில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தவள்தான் நான்.

தொகுப்பில் உருப்படியாகப் பயன்பட்டது, அச்சகத்தார் அறியாமல் செய்த பிழை. பாராட்டு அட்டை ஐம்பதிலும் 'பாராட்டுக்கள்' என்றே இருக்கிறது. அட்டையைப் பெற்ற எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "பாராட்டு, வாழ்த்து மாதிரி சொல்லுல கள் விகுதிக்கு முன்னாடி ஒற்று மிகாதுன்னு நீங்கதானே மிஸ் சொன்னீங்க, இது குடிக்கிற கள்ளா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. மீதி அட்டைகளை அவர்களிடமே கொடுத்துத் திருத்தச் சொன்னேன். மறுநாள், நான் கேட்காமலே, திருவொற்றியூர் நெடுஞ்சாலைப் பெயர்ப்பலகைகளிலிருந்து 'எண்ணை', டியூஷன் சென்டர் ஒன்றின் தட்டியிலிருந்து 'முயற்ச்சி' என்று பிழைகளைக் குறித்துக்கொண்டு வந்தார்கள். சரியான வடிவம் எது என்று அவர்களுக்குள்ளேயே வாதிட்டார்கள். நட்சத்திரத்தைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை.

வாங்க நினைக்கும் ஆசிரியர்கள், சுவரட்டையை மட்டும் தனியாகத் தருவார்களா என்று கேட்டுப் பார்க்கலாம். அதன் பின்புறம் வெறுமையாக இருக்கிறது. எங்கள் பிழைப் பட்டியலை இப்போது அதில்தான் எழுதி வருகிறோம்.