ஆஸ்பத்திரியா, வெளிநாடா, வீடா: சிறு நர்சிங் ஏஜென்சிக்கு எது ஒத்துவரும்?

கோவை, மதுரை, திருச்சி மாதிரி ஊரில் ஐந்தாறு லட்சம் முதலோடு நர்ஸ், அட்டெண்டர் அனுப்பும் ஏஜென்சி தொடங்க நினைப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு. தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு ஒப்பந்தத்தில் ஆள் கொடுக்கலாம், வெளிநாட்டு வேலைக்கு நர்ஸ்களை அனுப்பலாம், வீடுகளுக்கு ஹோம் நர்ஸ் அனுப்பலாம். பார்த்தால் மூன்றும் ஒரே தொழில்தான். ஆனால் பணம் எந்தத் தேதியில் வருகிறது, எந்தத் தேதியில் போகிறது என்பது மூன்றிலும் வேறு. சிறிய ஏஜென்சி நிற்பதும் விழுவதும் அதில்தான்.

பெரும்பாலானோர் முதலில் ஓடுவது ஆஸ்பத்திரிக்கு. ஒரே கையெழுத்தில் 15 பேருக்கு வேலை கிடைக்கும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? கணக்கைப் பாருங்கள். ஆளுக்கு 18,000 சம்பளம் என்று வைத்தால் மாதம் 2,70,000. நர்ஸ்களுக்கு மாதம் பிறந்ததும் சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஆஸ்பத்திரி பில்லைத் தீர்க்க 90 நாள் எடுத்துக்கொண்டால் 8,10,000 ரூபாய் வெளியே மாட்டிக்கொள்ளும். போட்ட முதலைவிட அது அதிகம். 10 பேர் ஆனதும் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு வரும், முதலாளி பங்கு 3.25 சதவீதம். 20 பேர் ஆனால் பிஎஃப் என்ற வருங்கால வைப்பு நிதியும் கட்ட வேண்டும்.

ஜிஎஸ்டி இன்னொரு தலைவலி. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். 15 பேர் சம்பளமே 32 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. ஆள் சப்ளைக்கு 18 சதவீதம். சிகிச்சைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால் நீங்கள் போடும் வரியை ஆஸ்பத்திரி கழித்துக்கொள்ள முடியாது. அது அவர்களுக்குச் சுத்தச் செலவு. அதை உங்கள் கமிஷனில்தான் குறைக்கப் பார்ப்பார்கள்.

ஒரு பிடிமானம் உண்டு. உத்யம் என்ற சிறுதொழில் பதிவை அரசிடம் எடுத்த சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். தராவிட்டால், பணம் கொடுக்கும் ஆண்டு வரைக்கும் அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. லாபத்துக்கு வரி கட்டும் ஆஸ்பத்திரிக்கு இது உறைக்கும். வரிவிலக்கு பெற்ற டிரஸ்ட் ஆஸ்பத்திரி அவ்வளவாகக் கண்டுகொள்ளாது.

வெளிநாடு தொடக்கக்காரருக்கானது இல்லை. 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி உரிமம் வேண்டும். 100 பேருக்குள் அனுப்பும் சிறு ஏஜென்ட்டே 8 லட்சத்துக்கு வங்கி உத்தரவாதம் கட்ட வேண்டும். நர்ஸிடம் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. வளைகுடா நாடுகளுக்குத் தமிழக அரசின் வெளிநாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமான ஓஎம்சிஎல் 1978இலிருந்தே ஆள் அனுப்புகிறது. உரிமம் இல்லாமல் லட்சக்கணக்கில் வாங்குபவர்களோடு சேராதீர்கள். அங்கே நர்ஸின் வீட்டு நகைதான் போகிறது.

என் ஓட்டு வீட்டுக்குத்தான். இங்கே குடும்பத்திடம் மாதப் பணத்தை அட்வான்ஸாகவே கேட்கலாம். தேவைக்கும் குறைவில்லை: 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம், நாட்டுச் சராசரி 8.6.

சிக்கல் வேறு இடத்தில் வரும். மூன்றாம் மாதம் வீட்டுக்காரரே, "ஏஜென்சிக்கு எதுக்கும்மா கொடுக்கணும், நீ நேரா வந்துடு" என்பார். இதற்குப் பயந்து பெண்களின் அசல் சான்றிதழை வாங்கிப் பூட்டி வைக்கும் ஏஜென்சிகள் உண்டு. அது அநியாயம். அவர்கள் உங்களோடு இருக்கக் காரணம் கொடுங்கள். நோயாளி இறந்துவிட்டால் மறுநாளே அந்தப் பெண்ணுக்கு வருமானம் போய்விடுகிறது. ஒரு வாரத்துக்குள் அடுத்த வீடு, லீவு போட்டால் மாற்று ஆள், 24 மணி நேர வேலையில் தூங்க நேரம், சமையலும் துணி துவைப்பதும் அவள் வேலையில்லை என்று எழுதிய ஒப்பந்தம் இருந்தால் அவள் ஏன் விட்டுப் போகிறாள்?

அப்புறம், ஊசி, மூக்குக்குழாய் என்றால் நர்சிங் கவுன்சிலில் பதிவான நர்ஸை மட்டும் அனுப்புங்கள். செலவைக் குறைக்க அட்டெண்டரை அனுப்பினால் பாதிக்கப்படுவது நோயாளி.

இப்படி நடத்தி இரண்டு, மூன்று மாதச் சம்பளம் கையிருப்பில் சேர்ந்ததும் நான்கைந்து நர்ஸ் கேட்கும் ஒரு சிறு ஆஸ்பத்திரியை எடுக்கலாம். அதுவும் 45 நாள் கெடுவை எழுதிக் கையெழுத்துப் போட்டால் மட்டும்.