ஸ்பீக்கர் இரைச்சலுக்கு வீட்டு எர்த் வைத்தியங்கள்: எது கேட்டது, எது கேட்கவில்லை

ராமேஸ்வரம் தீவிலுள்ள எங்கள் தங்கச்சிமடத்தில் கச்சான் காற்று எழும்பினால் ஜன்னல் கம்பியைத் தொட்ட கையில் உப்பு ஒட்டும். அந்த உப்பு எர்த் வயரையும் விடாது. என் ஸ்பீக்கரில் பாட்டு இல்லாதபோதும் ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல். ரெக்கார்டு பிளேயர், ஆம்ப், கம்ப்யூட்டர், கேபிள் டிவி பெட்டி எல்லாம் ஒன்றோடொன்று கோர்த்தவை. ஆளாளுக்குச் சொன்ன வைத்தியங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன்.

“எர்த் பின்னை வெட்டிடுங்கண்ணே, சத்தம் போயிடும்” என்றார் ஒரு வயர்மேன். பல வீடுகளில் போகத்தான் செய்யும், அதுதான் பயமே. மற்ற வயர்களைக் கழற்றி, எர்த் இல்லாமல் ஆம்ப்பை ஓட்டி மீட்டர் வைத்தேன். பாடியில் 100 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அது ஃபில்டர் கெபாசிட்டர் வழியே கசிவது. சுரீர் என்று இழுப்பதோடு போகும். ஆனால் உள்ளே ஃபேஸ் வயர் உரசிவிட்டால் அதே தகட்டில் 230 வோல்ட் நிற்கும். ஈரக் காலோடு பிள்ளைகள் நடக்கிற வீட்டில் இதற்கு இடமே கிடையாது.

அடுத்தது, ஆம்ப்புக்கு மட்டும் தனி எர்த் கம்பி. கிணற்றடி ஈர மணலில் செம்புக் கம்பியை அடித்து இறக்கினேன். இரைச்சல் கூடிவிட்டது! கம்ப்யூட்டர் வீட்டு எர்த்தில், ஆம்ப் புது எர்த்தில். இரண்டுக்கும் நடுவே இருந்த வோல்ட் வித்தியாசம் ஆடியோ வயரைச் சுற்றியுள்ள கம்பி வலை வழியாக ஓடியது. இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கம்பியின் தடை 20 ஓம் என்றால், ஃபேஸ் உரசிய பழுதில் 230 வோல்ட்டுக்கு ஓடுவது 11.5 ஆம்பியர்தான், 16 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் மிஞ்சினால் தானாக அணையும் சுவிட்ச்) விழவே விழாது. எர்த்துக்குக் கசிவதைக் கண்டு அணைக்கிற 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால்தான் உயிர் தப்பும். இடி விழும் காலத்தில் இரண்டு எர்த்துக்கும் நடுவே மாட்டுவது நம் ஆம்ப்தான்.

மூன்றாவது, மணலும் கரித்தூளும் செம்புத் தகடும் அடைத்த பெட்டி. இதை ஆம்ப்பின் எர்த் திருகில் கட்டினால் பாட்டு ‘தெளியும்’ என்கிறார்கள். திரைக்குப் பின்னால் மச்சானை உட்காரவைத்து, மாட்டியும் கழற்றியும் 10 தடவை பார்த்தோம். நான் சரியாகச் சொன்னது 5. பூவா தலையா போட்டிருந்தாலும் அதுதான் வந்திருக்கும். மண்ணைத் தொடாத பெட்டிக்குள் மின்சாரம் எங்கே போகும்?

உண்மையில் வேலை செய்தது வேறு. கேபிள் டிவி வயரைப் பிடுங்கிய அந்த நொடியில் முக்கால்வாசி இரைச்சல் நின்றது. கம்பத்திலிருந்து வரும் அந்த வயரின் வலை எங்கோ ஓர் இடத்தில் எர்த் ஆகியிருக்கிறது, என் வீடு இன்னோர் இடத்தில்; வளையம் ஒன்று உருவாகி கரண்டின் 50 ஹெர்ட்ஸைப் பிடித்து இழுத்துவந்திருக்கிறது. இதை அறுக்க இரண்டு வழி. ஆடியோ வயரில், கம்பித் தொடர்பில்லாமல் பாட்டை மட்டும் கடத்தும் 1:1 டிரான்ஸ்ஃபார்மர் போட்டேன். இரைச்சல் போனது, கூடவே தவிலின் தொப்பிப் பக்கத்து கனமும் போனது. மலிவான டிரான்ஸ்ஃபார்மரின் சின்ன இரும்புக்குள் அடிநாதம் கொள்ளாது. அதைக் கழற்றிவிட்டு, கேபிள் வயரிலேயே எர்த் தொடர்பை அறுக்கும் ஐசொலேட்டர் போட்டதும் தவில் திரும்பி வந்தது. எல்லாப் பிளக்கையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுக்கு மாற்றினேன், மிச்சமும் குறைந்தது. செலவில்லாத வேலை என்பதால் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

ரெக்கார்டு போடும்போது மட்டும் இன்னும் சத்தம் இருந்தது. ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட். அதைப் பெருக்கும் ஃபோனோ பகுதி 50 ஹெர்ட்ஸை 1 கிலோஹெர்ட்ஸைவிட 7 மடங்கு கூடுதலாகப் பெருக்கும். ரெக்கார்டு பிளேயரின் எர்த் வயரைப் பிடிக்கும் திருகைக் கழற்றினேன். வாஷருக்கு அடியில் பச்சைக் களிம்பு பொருக்காகப் படிந்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, செம்பு பளிச்சென்று தெரிந்ததும் முறுக்கினேன். அவ்வளவுதான், அமைதி. (கரகரவென்று 100 ஹெர்ட்ஸில் இரைந்தால் பவர் சப்ளை கெபாசிட்டரைப் பாருங்கள், எர்த்தைத் தோண்ட வேண்டாம்.)

அதே சந்தேகத்தில் வீட்டு எர்த் குழியையும் திறந்தேன். ஜி.ஐ. குழாயில் (துத்தநாகம் பூசிய இரும்பு) செம்பு வயரை நேரடியாகக் கட்டியிருந்தார்கள். உப்பு ஈரத்தில் துத்தநாகம் கரைந்து, கிளாம்ப் கையோடு பெயர்ந்து வந்தது. இத்தனை நாளும் எங்கள் வீட்டுக்கு எர்த் என்பது பேருக்குத்தான். குழாயிலிருந்து மேலே வரை ஜி.ஐ. பட்டையே போட்டு, கிளாம்பில் கிரீஸ் பூசி மூடியிருக்கிறேன். ஐப்பசி மழைக்கு முன்னால் மூடியைத் திறந்து மறுபடி பார்க்க வேண்டும்.