ஏர்சேவா: விதி எண்ணோடு போனால் மதிப்பு

எங்கள் வீட்டில் விமான டிக்கெட் போடுவது முதல் ரீஃபண்டைத் துரத்துவது வரை எல்லாம் என் தலையில்தான். அதனால் மத்திய சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் புகார்த் தளமான ஏர்சேவா எனக்குப் பழகிய இடம். 2016-ல் வந்தது. இணையதளமாகவும் ஆப்பாகவும் இருக்கிறது. இப்படி ஒன்று இருப்பதே அடிக்கடி பறக்கிற பலருக்குத் தெரியாது.

இதில் எனக்குப் பிடித்தது, யாரிடம் போய் நிற்பது என்ற குழப்பம் தீர்வதுதான். விமான நிறுவனங்களையும் விமானம் பறப்பதன் பாதுகாப்புத் தரத்தையும் பார்ப்பது டிஜிசிஏ. சோதனைக்கான பாதுகாப்பு விதிகளை வகுப்பது பிசிஏஎஸ், வரிசையில் நின்று தடவிப் பார்ப்பது பெரும்பாலும் சிஐஎஸ்எஃப். இமிகிரேஷன் உள்துறையிடம், கஸ்டம்ஸ் நிதியமைச்சகத்திடம். பெட்டியைத் தொலைத்துவிட்டு நிற்கிறவர் இந்த வரைபடத்தையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டிருக்க முடியுமா? ஏர்சேவாவில் விவரத்தைப் போட்டு, டிக்கெட்டையும் போட்டோவையும் இணைத்தால், உரிய இடத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள், நம் கைக்கு ஒரு எண் வருகிறது.

ஆனால் அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். இது ஒரு தபால் பெட்டி. முத்திரை மட்டும் அரசு முத்திரை. விசாரித்துத் தீர்ப்பு சொல்ல உள்ளே யாரும் இல்லை. நாம் யார்மேல் புகார் சொன்னோமோ அவரேதான் பதிலும் எழுதுவார்.

மதுரையிலிருந்து சென்னைக்கு அத்தைக்கு ஒரு டிக்கெட் போட்டிருந்தேன். காலை ஃப்ளைட். முந்தைய நாள் இரவு பத்தரைக்கு ரத்து என்று எஸ்எம்எஸ். மாலை ஃப்ளைட்டில் ஏறுங்கள், இல்லையென்றால் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். நஷ்டஈடு கேட்டதற்கு, "ஆபரேஷனல் ரீசன்ஸ் மேடம்" என்று போனை வைத்துவிட்டார்கள். அத்தையோ, "விடும்மா, அவங்களோட யாரு மல்லுக்கட்டுறது" என்றார்.

விடவில்லை. டிஜிசிஏ விதித்தொகுப்பில் பிரிவு 3, வரிசை எம், பகுதி 4 என்று ஒன்று இருக்கிறது. புறப்பட 24 மணி நேரம்கூட இல்லாதபோது ரத்தென்று சொன்னால், மாற்று ஃப்ளைட் அல்லது ரீஃபண்டோடு நஷ்டஈடும் தரவேண்டும். ஒரு மணி நேரம் வரையிலான பயணத்துக்கு 5,000 ரூபாய், இரண்டு மணி நேரம் வரை 7,500, அதற்கு மேல் 10,000. வானிலை, வேலைநிறுத்தம், வான்வழிக் கட்டுப்பாடு போல நிறுவனத்தின் கையை மீறிய காரணமென்றால் கிடையாது. ஆகவே புகாரில் அத்தை பட்ட பாட்டை எழுதவில்லை. பிஎன்ஆர், எஸ்எம்எஸ் வந்த நேரம், விதி எண், கூடவே ஒரே ஒரு கேள்வி: உங்கள் ஆபரேஷனல் காரணம் அந்த விலக்குகளில் எதில் வருகிறது?

முதலில் வருத்தம் தெரிவித்து ஒரு கூப்பன் வந்தது. வேண்டாம் என்று, ஏர்சேவா எண்ணைக் குறிப்பிட்டு அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதினேன். புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரி, அவருக்கு மேலே இவர் என்று ஒவ்வொரு நிறுவனத்திலும் உண்டு. பிறகுதான் பணம் வந்தது. 7,500 இல்லை, 3,100. விதியில் "எது குறைவோ அது" என்று ஒரு வால் இருக்கிறது. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து 3,100-தான் என்றால் அவ்வளவுதான். மலிவு டிக்கெட்காரருக்கு மலிவு நஷ்டஈடு! இதை எழுதிய புண்ணியவான் மாற்று டிக்கெட்டைக் கடைசி நேரத்தில் வாங்கிப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது.

டிக்கெட் விலை அதிகம் என்று இங்கே புகார் போட்டுப் பிரயோஜனமில்லை. 1994-க்குப் பிறகு சாதாரணமாகக் கட்டணத்தை நிறுவனங்களே நிர்ணயிக்கின்றன. பெரிய விமான நிலையங்களில் டிக்கெட்டோடு சேரும் யுடிஎஃப் என்ற விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணத்தை முடிவு செய்வது ஏஇஆர்ஏ என்ற தனி ஆணையம். அதுவும் இங்கே தீராது.

1934-ஆம் வருட விமானச் சட்டத்தை எடுத்துவிட்டு 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் அதிநியம் என்ற புதுச் சட்டம் வந்துவிட்டது. பயணிக்கென்று, வங்கிக்கு இருப்பது போன்ற ஓர் ஆம்பட்ஸ்மேன், அதாவது தனிக் குறைதீர்ப்பாளர், அதிலும் இல்லை. எனக்கு இதுதான் பெரிய குறை. ஏர்சேவாவில் முடியவில்லையென்றால் நுகர்வோர் ஆணையம்தான். அப்போது இங்கே பதிவான எண்ணும் நிறுவனம் எழுதிய பதிலும் நல்ல ஆவணமாகும்.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். டிக்கெட் போடப்போகிறவர்களுக்கு ஒன்று: டிராவல் ஏஜென்ட் வழியாக எடுத்தால் புக்கிங்கில் உங்கள் சொந்த மொபைல் எண் இருக்கிறதா என்று பாருங்கள். தொடர்புக்கு ஒழுங்கான விவரம் தராத பயணிக்கு நஷ்டஈடு இல்லை என்பதும் அதே பகுதி 4-ல்தான் இருக்கிறது.