சோளிங்கரா, வள்ளிமலையா?

இரண்டுமே வேலூர் வட்டாரத்து மலைக்கோயில் தலங்கள். ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால், என் ஓட்டு வள்ளிமலைக்கே.

சோளிங்கர் பெரியமலையில் யோக நரசிம்மர், 1,305 படிகள். எதிரே சின்னமலையில் சங்கு சக்கரம் ஏந்திய யோக ஆஞ்சநேயர், 406 படிகள். கார்த்திகை மாதத்தில் பெருமாள் கண் திறந்து பார்ப்பதாக ஐதீகம் என்பதால் கூட்டம் அலைமோதும். குரங்குகளிடம் பை பத்திரம்.

வள்ளிமலையில் அந்த நெரிசல் இல்லை. வள்ளி தினைப்புனம் காத்த மலை என்பது நம்பிக்கை. முருகன் சன்னதிக்குப் பாறையே சுவர். அதே மலையின் இன்னொரு பக்கம் சமணத் தீர்த்தங்கரர்கள் புடைப்புச் சிற்பங்களாக வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். கங்க மன்னன் இராசமல்லன் இந்தச் சமணக் குகைக்கோயிலை அமைத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. இதைப் பார்க்காமல் இறங்கிவிடுகிறவர்களை நினைத்தால் மனம் தாங்கவில்லை! திருப்புகழைப் பரப்பிய சச்சிதானந்த சுவாமிகள் வாழ்ந்ததும் இங்கேதான்.

மூட்டுவலி உள்ள பெற்றோர் உடன் வந்தால் மட்டும் சோளிங்கர். பெரியமலைக்கு 2024 முதல் ரோப்கார் ஓடுகிறது.