என்விடிஏ திரைவாசிப்பான்: என் வரலாற்று வகுப்பில் அது செய்வதும் செய்யாததும்

அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு வரலாறு எடுக்கிறேன். எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. பாடக்குறிப்பு எழுதுவது, மதிப்பெண் பட்டியல் போடுவது, வினாத்தாள் தயாரிப்பது எல்லாமே என்விடிஏ துணையோடுதான். அதைப் பற்றிச் சக ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கிறார்கள், அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன். முடிவை முதலிலேயே சொல்கிறேன்: உங்கள் பள்ளியில் பார்வையில்லாத ஒரு பிள்ளை இருந்தாலும் சரி, எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகள் இருந்தாலும் சரி, உடனே போடுங்கள். ஆனால் மென்பொருளைப் போட்டுவிட்டு வினாத்தாளைப் பழைய ஃபான்டிலேயே அடித்துக்கொண்டிருந்தால் ஒரு பயனும் இல்லை.

தெரியாதவர்களுக்காக: இது விண்டோஸ் கணினியில் திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் மென்பொருள். நான்-விஷுவல் டெஸ்க்டாப் ஆக்சஸ் என்பதன் சுருக்கம்தான் என்விடிஏ. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் 2006இல் எழுதத் தொடங்கினார். பிறகு ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவருக்குமே பார்வை கிடையாது. சிறுவயதில் பார்வையற்ற குழந்தைகளுக்கான இசை முகாமில் பழக்கமானவர்கள். பார்வையுள்ளவர்கள் வாங்கும் அதே கணினிக்குப் பார்வையற்றவர்கள் மட்டும் தனியாக ஒரு பெருந்தொகை கொடுக்க வேண்டுமா என்ற கேள்வியிலிருந்து பிறந்த மென்பொருள் இது. இன்றுவரை இலவசம், மூலநிரலும் திறந்தே இருக்கிறது. பதிவிறக்கும்போது நன்கொடை கேட்பார்கள், கொடுக்காவிட்டாலும் முழு மென்பொருள் கிடைக்கும்.

இந்த இலவசத்தின் அருமை என் வயதுக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். நான் கணினி பழகிய நாட்களில், விலை கொடுத்து வாங்க வேண்டிய ஒரு திரைவாசிப்பானின் சோதனைப் பதிப்பைத்தான் பயன்படுத்தினோம். நாற்பது நிமிடத்தில் குரல் நின்றுவிடும். கணினியை அணைத்து மறுபடி போட வேண்டும். பாதி எழுதிய கட்டுரையைச் சேமித்தோமா இல்லையா என்ற பதைப்போடுதான் ஒவ்வொரு அமர்வும் போகும். இன்று என் மாணவர்களுக்கு அந்தப் பதைப்பு கிடையாது. அந்த ஒன்றுக்காகவே அதை உருவாக்கியவர்களுக்கு வாழ்நாள் முழுக்க நன்றி சொல்வேன்.

சரி, குரல் எப்படி? கூடவே வரும் ஈஸ்பீக் என்ற குரல் தமிழ் பேசும். முதல் முறை கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள், அசல் இயந்திரக் குரல். ஆனால் வேகத்தைக் கூட்டினால் அதன் அருமை தெரியும். மனிதக் குரல் போல இழைந்து பேசும் குரல்கள் வேகமாக ஓடும்போது அசைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஈஸ்பீக் எந்த வேகத்திலும் எழுத்தெழுத்தாகத் தெளிவாக விழும். நான் ஓட்டும் வேகத்தில் கேட்டால் பக்கத்து மேசைக்காரருக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. எனக்கு அதுதான் இயல்பு. புதிதாகப் பழகும் பிள்ளைகளுக்கு விண்டோஸிலேயே உள்ள வள்ளுவர் என்ற தமிழ்க் குரலை வைத்துக் கொடுக்கிறேன். விண்டோஸ் அமைப்புகளில் தமிழ்ப் பேச்சுத் தொகுப்பைச் சேர்த்தால் என்விடிஏ அதை எடுத்துக்கொள்ளும். காது பழகியதும் அவர்களே ஈஸ்பீக்குக்கு மாறிவிடுகிறார்கள்.

வரலாற்றுப் பாடத்தில் பெயர்கள்தான் தொல்லை. சொல்லின் முதலில் வரும் வல்லினத்தைத் தமிழ் விதிப்படி அழுத்தித்தான் சொல்லும், பாபர் அதன் வாயில் வேறு யாரோ ஆகிவிடுவார். உச்சரிப்பைத் திருத்த உள்ளேயே ஒரு பேச்சு அகராதி இருக்கிறது. பாடத்தில் அடிக்கடி வரும் பெயர்களை அதில் சேர்த்து, அந்தக் கோப்பைப் பிள்ளைகளின் கணினிகளிலும் போட்டு வைத்திருக்கிறேன்.

இனி வகுப்பறை. பதினொன்றாம் வகுப்பில் பார்வையில்லாத மாணவி ஒருத்தி இருக்கிறாள். 'ஐரோப்பியரின் வருகை' பாடத்துக்கு நான் தயாரித்த குறிப்பில் போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், டேனியர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் என்று ஒவ்வொன்றையும் வேர்டில் முறையான தலைப்புப் பாணியில் வைத்திருக்கிறேன். அவள் உலாவும் முறைக்கு, அதாவது ஒரே விசையால் தலைப்புக்குத் தலைப்பு தாவும் முறைக்கு, மாறி எச் விசையைத் தட்டிக்கொண்டே போவாள். தரங்கம்பாடி எந்த ஆண்டு என்று வகுப்பில் கேட்டால், புத்தகத்தைப் புரட்டும் மற்றவர்களுக்கு முன்பே அவள் டேனியர் தலைப்புக்குப் போய் "1620, சார்" என்று சொல்லிவிடுகிறாள்.

அதே குறிப்பில் எழுத்தைத் தடிப்பாக்கிப் பெரிதாக்கி மட்டும் விட்டிருந்தால் இது நடக்காது. கண்ணுக்கு அது தலைப்பு, என்விடிஏவுக்கு வெறும் வரி. ஒவ்வொரு பக்கத்தையும் முழுதாகக் கேட்டுத்தான் அவள் தேட வேண்டியிருக்கும். கண்ட்ரோல், ஆல்ட், 1 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வேர்டில் தலைப்பு வந்துவிடும். ஆசிரியருக்கு ஒரு நொடி வேலை.

இப்போது ஃபான்ட் விஷயம். என்னை மிகவும் வருத்தும் விஷயம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழ் உண்மையில் தமிழ் எழுத்து கிடையாது. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் மாட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்புக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. என்விடிஏ உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். ஒரு முழு வினாத்தாள் இப்படி வந்தால் அந்தப் பிள்ளைக்குக் காதில் விழுவது முழுக்க உளறல். பக்கத்தில் இருக்கும் நாற்பது பேருக்கும் அதே தாள் அழகான தமிழ். அவளுக்கு மட்டும் ஒரு கேள்விகூட இல்லை.

ஒரு தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த வினாத்தாள் கோப்பு அப்படித்தான் இருந்தது. தேர்வு தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போது திறந்து பார்த்து, எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடுக்கு, அதாவது தமிழைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் முறைக்கு, கொண்டுவந்து, கேள்வி எண்கள் குழம்பாமல் சரிபார்த்துக் கொடுப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்று அரசாணை போட்டுவிட்டது. இன்னும் பழைய எழுத்துருவில் அடிப்பதற்குப் பழக்கத்தைத் தவிர வேறு காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஏற்கெனவே அடித்து வைத்த கோப்புகளைத் தூக்கிப்போடவும் வேண்டாம். என்எச்எம் கன்வெர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் இலவசமாகவே இருக்கின்றன. புதிதாக அடிப்பதற்கு நான் தமிழ்99 விசைப்பலகையைச் சொல்வேன். உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் வலக்கைக்கும் பிரிந்திருப்பதால் பார்க்காமல் அடிக்க எளிது, பார்வையில்லாத பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஸ்கேன் செய்த பிடிஎஃப் அடுத்த தடை. அது படம்தான், உள்ளே எழுத்து இல்லை. என்விடிஏவில் என்விடிஏ விசையையும் (வழக்கமாக இன்சர்ட்) ஆர் விசையையும் சேர்த்து அழுத்தினால், படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் விண்டோஸின் எழுத்துணரியை ஓட்டும். ஆங்கிலத்துக்கு நன்றாக உதவுகிறது, தமிழுக்கு உதவாது. தமிழ்ப் பக்கங்களை கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்து எழுத்தாக்கிக்கொள்கிறேன். அச்சு தெளிவாக இருந்தால் பிழை குறைவுதான். நூல்களுக்கு 2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலய் இணைய நூலகமும் உண்டு, அச்சு நூலைப் படிக்க முடியாதவர்கள் பதிவு செய்துகொள்ளலாம்.

பார்வையுள்ள பிள்ளைகளுக்கும் இது உதவும் என்பதைப் பல ஆசிரியர்கள் யோசிப்பதில்லை. என் வகுப்பில் ஒரு பையன். கேள்வி கேட்டால் நன்றாகப் பதில் சொல்வான், ஆனால் ஒரு பத்தியைப் படிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வான். கணினிக் கூடத்தில் அவனுக்கு ஹெட்ஃபோனை மாட்டி, சுட்டியைப் பத்தியின் மேல் வைக்கச் சொன்னேன். சுட்டி நிற்கும் இடத்தில் உள்ளதை என்விடிஏ படித்துக் காட்டும். அமைப்புகளில் பார்வைப் பகுதியில் காட்சி முனைப்பு வசதியைப் போட்டுவிட்டால், அந்த நேரத்தில் கவனம் எங்கே இருக்கிறதென்று கட்டம் கட்டிக் காட்டவும் செய்யும். அவன் வேலூர்ப் புரட்சிப் பாடத்தை மறுபடி மறுபடி ஓடவிட்டுக் கேட்டான். "இது வீட்டுல போடலாமா சார்?" என்றான். பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓடும் பதிப்பையும் இதிலேயே உருவாக்கிக்கொள்ளலாம்.

பார்வையுள்ள ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை: கருவிகள் பட்டியலில் பேச்சுப் பார்வைச் சாளரம் இருக்கிறது. என்விடிஏ பேசுவதெல்லாம் அதில் எழுத்தாக ஓடும். மாணவியின் காதில் என்ன விழுகிறது என்று கண்ணால் பார்க்கலாம். உங்கள் வினாத்தாளை அனுப்பும் முன் அதைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், எங்கே தடுக்குகிறதென்று அங்கேயே தெரிந்துவிடும்.

குறைகளும் இருக்கின்றன. கேட்டு மட்டுமே படிக்கும் பிள்ளைக்கு எழுத்துப்பிழை கூடும். ர, ற இரண்டும் காதுக்கு ஒன்றுதான். ன, ந கூட அப்படித்தான். நான் பிரெயிலில் படித்தவன், அதனால் சொற்கள் விரலில் பதிந்திருக்கின்றன. கணினி வந்துவிட்டதே என்று பிரெயிலை விட்டுவிடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். என்விடிஏ பிரெயில் காட்டும் கருவிகளோடும் வேலை செய்யும், தமிழ் பிரெயிலும் அதில் உண்டு. ஆனால் அந்தக் கருவியின் விலை அரசுப் பள்ளிக்கு எட்டுவதாக இல்லை. அதுவரை தாள் பிரெயில்தான், கூடவே சொல்லை எழுத்தெழுத்தாகக் கேட்கும் பழக்கம். எண் விசைப்பகுதியில் 5ஐ இருமுறை தட்டினால் சொல்லைப் பிரித்துச் சொல்லும்.

படம் வந்தால் படம் என்று மட்டும்தான் சொல்லும். படத்தோடு மாற்று உரை, அதாவது படத்தில் என்ன இருக்கிறது என்ற விளக்கம், எழுதியிருந்தால் அதைப் படிக்கும். எப்படி எழுதுவது என்று கேட்கிறார்கள். 'மாமல்லபுரம் கோயில்' என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். 'கடற்கரைக் கோயில், இரண்டு விமானங்கள், உயரமானது கடலைப் பார்த்திருக்கிறது' என்று எழுதுங்கள். தேர்வில் கேட்கக்கூடியது அதில் இருக்க வேண்டும். கணக்கும் வேதியியல் சமன்பாடும் படமாக ஒட்டப்பட்டால் முழு மௌனம்தான், அந்தப் பாட ஆசிரியர்கள்தான் மனது வைக்க வேண்டும்.

வரைபடத்துக்கு என்விடிஏவை நம்ப வேண்டாம். கர்நாடகப் போர்களை நடத்தும்போது அட்டையில் சணல் கயிற்றால் கடற்கரையை ஒட்டி, கோட்டைகளுக்குப் பொத்தான்கள் தைத்து வைத்திருக்கிறேன். ஆங்கிலேயரின் சென்னைக்கும் கடலூருக்கும் நடுவில் பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரி இருப்பதை விரலால் தொட்டதும் பிள்ளைகளுக்குச் சண்டையின் காரணம் பாதி புரிந்துவிடுகிறது. அட்டையைப் பார்வையுள்ள பிள்ளைகளும் விடுவதில்லை, முறை போட்டுத் தொடுகிறார்கள்.

பொதுத் தேர்வில் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் ஒரு மணி நேரமும் கிடைக்கின்றன. பள்ளி அளவிலான தேர்வுகளில் என் மாணவி தானே கணினியில் அடிக்கிறாள். திரையை முழுக்கக் கருப்பாக்கும் திரைச்சீலை வசதி என்விடிஏவில் உண்டு. அதைப் போட்டுவிட்டால் பின்னால் இருப்பவர் அவள் விடையைப் பார்க்க முடியாது. தன் கையால் எழுதிய விடைத்தாளை அவளே திரும்பக் கேட்டுத் திருத்துகிறாள். சொல்வதை எழுதுபவரை வைத்து எழுதிய காலமெல்லாம் எனக்கு அந்த வாய்ப்பு இருந்ததில்லை.

போட நினைப்பவர்களுக்கு: என்விடிஏவை வெளியிடும் என்வி ஆக்சஸ் அமைப்பின் தளத்திலிருந்து மட்டும் பதிவிறக்குங்கள். விண்டோஸ் கட்டாயம், லினக்ஸில் ஓடாது, அங்கே ஆர்கா என்று வேறொன்று இருக்கிறது. மடிக்கணினி என்றால் முதலிலேயே கேப்ஸ் லாக்கை என்விடிஏ விசையாக வைத்துக்கொள்ளுங்கள், பல மடிக்கணினிகளில் இன்சர்ட் விசை கைக்கு எட்டாத மூலையில் இருக்கும். தொடக்கத்தில் வேகத்தைக் குறைத்து வையுங்கள். கண்ட்ரோல் விசையைத் தட்டினால் பேச்சு நிற்கும் என்பதை முதல் வேலையாகச் சொல்லிக்கொடுங்கள். இல்லாவிட்டால் நிறுத்தத் தெரியாமல் பிள்ளைகள் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிடுவார்கள். ஒவ்வொரு கணினிக்கும் ஒரு ஹெட்ஃபோன் வேண்டும். எங்கள் பள்ளியில் அதற்கு மட்டும்தான் செலவானது.