துப்ரோவ்னிக்: கோதிக் ஜன்னலா, மறுமலர்ச்சித் தாழ்வாரமா?

குரோஷியாவின் துப்ரோவ்னிக் கோட்டைக்குள் கோதிக் (இடைக்கால ஐரோப்பாவின் கூர்முனை வளைவுக் கட்டடப் பாணி) எது, அதற்குப் பின் இத்தாலியிலிருந்து வந்த மறுமலர்ச்சிப் பாணி எது என்று தெரு தெருவாகப் பிரித்துப் பார்க்க நினைத்தால் தலைதான் சுற்றும். நேராக அந்தக்காலச் சுங்கச்சாவடியான ஸ்பொன்ஸா மாளிகைக்குப் போய்விடுங்கள், இரண்டும் ஒரே முகப்பில் இருக்கின்றன. கீழே அரைவட்ட வளைவுகளோடு தாழ்வாரம், அது மறுமலர்ச்சி. முதல் மாடியில் கூர்முனை ஜன்னல்கள், வெனிஸ் பாணி கோதிக். அதற்கு மேலே மறுபடியும் மறுமலர்ச்சியின் செவ்வக ஜன்னல்கள். பழைய வீட்டின் மேல் பேரன் மாடி கட்டினது போலத் தெரிந்தாலும், எல்லாமே 1516-க்கும் 1522-க்கும் நடுவில் எழுந்தவைதான்.

என் ஓட்டு ஜன்னலில் கோதிக்குக்கு. கல்லைக் குடைந்து பின்னல் போட்டிருக்கிறார்கள். மேல்மாடியின் செவ்வகங்கள் அதற்குப் பக்கத்தில் வெறும் ஓட்டைதான். ஆனால் தாழ்வாரம் என்று வந்தால் மறுமலர்ச்சியை அடித்துக்கொள்ள முடியாது. நிழல், காற்று, சரக்கோடு நிற்க இடம், சுங்கச்சாவடிக்கு வேறென்ன வேண்டும்? உள்முற்றத்து வளைவில் லத்தீனில் ஒரு வாசகம் செதுக்கியிருக்கிறது: எங்கள் எடைக்கற்கள் ஏமாற்றவும் விடாது, ஏமாறவும் விடாது, நான் சரக்கை நிறுக்கும்போது ஆண்டவன் என்னை நிறுக்கிறான். அதிகாரிகளுக்கும் சேர்த்து எழுதியதுபோல!

நகரக் குடியரசின் தலைவரான ரெக்டர் இருந்த ரெக்டர் மாளிகையும் இப்படிக் கலவையானதற்குக் காரணம், அங்கே வைத்திருந்த வெடிமருந்து. 1435-இல் அது வெடித்து மாளிகை நாசமானபின் கட்டடக் கலைஞர் ஓனோஃப்ரியோ தெல்லா காவா அதைக் கோதிக்கில் எழுப்பினார். 1463-இல் மறுபடியும் வெடித்தது. ஃபிளாரன்ஸின் கட்டடக் கலைஞர் மிக்கெலோட்ஸோ புது வரைபடம் கொடுத்தார், நகரசபை வேண்டாம் என்றுவிட்டது. அப்புறம் தாழ்வாரம் மட்டும் மறுமலர்ச்சிக்கு மாறியது, மேலே ஜன்னல்கள் கோதிக்காகவே நின்றுவிட்டன.

மதில் விஷயத்தில் போட்டியே இல்லை, மறுமலர்ச்சிதான். 1319-இல் சதுரமாகக் கட்டிய மின்செத்தா கோபுரம் பீரங்கிக்குத் தாங்காது. 1453-இல் துருக்கியரின் பீரங்கிகளுக்கு முன்னால் கான்ஸ்டான்டினோபிள் விழுந்தபிறகு அந்தப் பயம் எல்லோருக்கும் வந்துவிட்டது. அதே மிக்கெலோட்ஸோ அதைச் சுற்றி வட்டமாக, கனத்த சுவரோடு ஒரு கொத்தளம் தொடங்கினார், யூராய் தல்மாத்தினாட்ஸ் என்ற கட்டடக் கலைஞர் 1464-இல் முடித்தார். முடித்தவர் சும்மா விடவில்லை, உச்சியில் ஒரு கோதிக் கிரீடத்தையும் வைத்துவிட்டார்.